டொட் காய்ச்சிய பியரும் விக்னராஜாவின் நாக்கும்

விக்னராஜாவின் நாக்குக்கு ஒரு காலத்தில் கொழும்பில் பெரிய மரியாதை. பேச்சுக்காக அல்ல. பேச்சென்று வந்தால் மனுசன் பத்துக் கேள்விக்கு ஒரு ‘ஓம்’ தருவார், அதுவும் யோசித்துத்தான். அது தேயிலையின் தரம் சொல்லும் நாக்கு. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனியில் பதினாலு வருசம் டீ டேஸ்டராக இருந்தவர். நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். கரண்டியால் அள்ளிச் சர்ரென்று உறிஞ்சுவார், வாய்க்குள் ஒரு உருட்டு உருட்டுவார், சில்லு வைத்துத் தள்ளுகிற துப்புத்தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். காலைப் பொழுதில் இருநூறு கோப்பை. ஒரு மிடறும் உள்ளே போகாது. போனால் அந்தக் கிழமை முழுக்க நித்திரை ஏது?

அந்த நாக்குக்குச் சாராயமும் பிடிக்கும் என்பதுதான் கேடு. அது துப்பப்படாமல் நேரே உள்ளே போனது. மூத்தவள் யோகா பிறந்த அன்று சந்திரவதனா இடுப்பு நோவோடு தானே றோட்டுக்கு வந்து டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். மனுசன் விறாந்தைக் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் போய்ப் பிள்ளைக்குக் கையை நீட்டினால், அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

“முதல்ல கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டு வாங்கோ. பிறகு தூக்கலாம்.”

கொச்சிக்கடைச் சிவன் கோயிலில் எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்தார். “இனி ஒரு சொட்டும் என்ர தொண்டைக்குள்ள இறங்காது.” அன்றைக்குச் சொன்ன சொல்லை அவர் மீறவே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவரைப்பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் கிடைக்காது.

எழுபத்திரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் குடும்பத்தோடு மெல்பேர்ன் வந்து சேர்ந்தார். பெரிய தேயிலை பொதி கட்டும் தொழிற்சாலை ஒன்று வேலைக்கு எடுத்தது. டேஸ்டராகத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்துக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். அவர்கள் கொடுத்தது ஸ்டோர் வேலை. பெட்டி இறக்கு, பெட்டி ஏற்று, துண்டில் கையெழுத்துப் போடு. ருசி பார்க்கிற அறை மாடியில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அங்கே இருந்த வெள்ளைக்காரப் பொடியன் கரண்டி பிடிக்கிற பிடியைப் பார்த்தாலே விக்னராஜாவுக்கு வயிறு பற்றும். “எங்களிட்ட ஆள் இருக்கு” என்று மனேஜர் ஒருமுறை சொன்னார். பிறகு இவர் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து கொண்டுவந்த, ருசி பார்க்கிற வெள்ளிக் கரண்டி அலுமாரியில் வேட்டிக்குக் கீழே கிடந்தது.

வாடகைக்கு எடுத்த வீடு ஸ்பிரிங்வேலில். பலகை வீடு, முன்னால் புல்லு, பின்னால் உடுப்புத் தோய்க்கிற லோன்றிக்குப் பக்கத்தில் ஒரு நோஞ்சான் எலுமிச்சை மரம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்ச்சியும் டொட்டும். ஆர்ச்சி ரயில்வே வேர்க்‌ஷொப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தோண்டுவதும் முடுக்குவதும் அவர் வேலை. டொட் இங்கிலாந்தில் பியர் காய்ச்சுகிற ஊர் ஒன்றில் பிறந்தவள். கை நிறைய மாவும் வாய் நிறையச் சிரிப்புமான மனுசி. சந்திரவதனாவுக்கு ஹீட்டர் பற்றவைக்கப் பழக்கியது அவள்தான்.

அந்த யூன் மாதக் குளிரில் டொட் ஒரு பியர் காய்ச்சினாள். துணி அவிக்கிற செப்புக் கொப்பரையில், முளைவிட்ட பார்லி மோல்ட்டை வழக்கத்துக்கு இரண்டு மடங்கு போட்டு, தார் மாதிரிக் கறுப்பாக. சாதாரண பியர் குளிர்ப்பெட்டியில் வைத்து அந்தக் கிழமையே குடிப்பது. இது அப்படியல்ல, வைன் மாதிரி வருசக்கணக்கில் கிடக்கவேண்டிய கடும் பியர். அதற்கென்றே ஆர்ச்சி வீட்டுக்கு அடியில் நிலவறை தோண்டிச் செங்கல் கட்டியிருந்தார். வெளியில் நூறு டிகிரி ஃபாரன்ஹைட் கொளுத்தினாலும் உள்ளே குளிரும். நாற்பத்தெட்டுப் போத்தல்.

“நீ டேஸ்டராமே?” என்று டொட் வேலிக்கு மேலால் கேட்டாள். எல்லோரும் பேசியது இங்கிலீசில்தான், எங்கள் வசதிக்குத் தமிழில் சொல்லுகிறேன். “அப்ப இது பருவத்துக்கு வரேக்க நீதான் சொல்லவேணும், விக்கி. அது நல்லா இருக்கிற வருசத்தில எல்லாரும் கூடி ஒண்டாக் குடிக்கவேணும். பிந்தக்கூடாது.”

அவுஸ்திரேலியாவில் ஒரு மனிதப்பிறவி அவரை டேஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. விக்னராஜாவுக்குத் தலைகால் தெரியவில்லை. சத்தியம் கித்தியம் எல்லாம் அந்த நேரம் ஞாபகம் வருமா? “ஓம்” என்றுவிட்டார்.

நவம்பர் முடிவில் டொட் செத்துப்போனாள். நெஞ்சு நோ, இரண்டே நாள். அடுத்த பெப்ரவரியில் ஆர்ச்சி மழைத்தண்ணி ஓடுகிற கூரைப் பீலியைத் துடைக்க ஏறி விழுந்து தலையில் அடிபட்டார். உயிர் தப்பியது, மூக்கு தப்பவில்லை. இனிப்பு, புளிப்பு, கசப்பு, உறைப்பு நாக்குக்குத் தெரியும், மணம் மட்டும் ஒன்றுமே இல்லை. கோப்பியும் சுடுதண்ணியும் அவருக்கு ஒன்று.

டொட்டின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஆர்ச்சி ஒரு போத்தலைத் துடைத்து, வேலிக்கு மேலால் நீட்டினார். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும்.

“எனக்கு இனி ஏலாது, விக்கி. உன்ர நாக்கைத்தான் நம்பியிருக்கிறன். என்ன நடக்குமெண்டு டொட் எனக்குச் சொல்லியிருக்கிறாள். முதல் வருசம் கசப்பும் எரிவும் முன்னுக்கு நிக்குமாம். ரெண்டாம் வருசம் அது அடங்குமாம். பிறகு டொஃபி, அதுக்குப் பிறகு பேரீச்சம்பழம், காய்ஞ்ச முந்திரிகைப்பழம், ஷெரி வைன் மாதிரி ஒரு மணம். ஆனா மூடியை அடிச்சது நான். பழைய மிசின். காத்து உள்ள போகும். காத்துப் போனா ஒரு நாளைக்கு நனைஞ்ச கார்ட்போர்ட் மணம் வந்திடும், பிறகு அது தொட்டித் தண்ணிதான். அதுக்கு முதல் சொல்லிப்போடு. என்ன?”

இந்த இடத்தில் ஒரு மானமுள்ள மனுசன் என்ன செய்திருப்பான்? “மிஸ்டர் ஆர்ச்சி, நான் சத்தியம் பண்ணின ஆள், குறை நினைக்காதையுங்கோ” என்று சொல்லியிருப்பான். ஆர்ச்சியும் தோளில் தட்டிவிட்டு வேறு ஆளைத் தேடியிருப்பார். விக்னராஜாவுக்கும் அது தெரியும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கிழவர் பென்சிலை நக்கிக்கொண்டு, மாடி அறைக் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள ஒருவரைப் பார்ப்பதுபோல இவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை இழக்க மனம் வரவில்லை. வந்த சொல்லை மென்று விழுங்கினார்.

“ஆக்களுக்கு முன்னால ருசி பாக்கிறதில்லை, மிஸ்டர் ஆர்ச்சி. எங்கட தொழில்ல விடிய வெறும் வயித்தில, தனியத்தான் பாக்கிறது.”

கொழும்பு அறையில் எட்டுப்பேர் ஒன்றாக உறிஞ்சித் துப்பிய மனுசன் சொன்ன சொல்லைப் பாருங்கள்! ஆர்ச்சி பயபக்தியோடு தலையாட்டினார்.

மறுநாள் காலையில் விக்னராஜா போத்தலோடு லோன்றிப் பக்கம் போனார். மூடியைத் திறந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். மணம் ஏறினால் பழைய சாராயப் பிசாசு எழும்பிவிடும் என்று பயம். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை எலுமிச்சை மரத்தின் அடியில் ஊற்றினார். பிறகு வாயைக் கொப்பளித்து, ஷேர்ட்டைச் சரிப்படுத்தி, வேலியடிக்குப் போனார்.

“கசப்பு முன்னுக்கு நிக்குது. எரிவும் இருக்கு. இளசு.”

ஆர்ச்சி சொன்னதை ஆர்ச்சிக்கே விற்றார். கிழவர் ஒரு எழுத்தும் விடாமல் எழுதினார். எழுதிவிட்டு, “வேற ஒண்டும் இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“வடிவாப் பாத்தியா?”

“வடிவாப் பாத்தனான்.”

ஆர்ச்சி ஏனோ மெல்லச் சிரித்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு டொட்டின் கல்லறைக்குப் போயிட்டு வாறன் என்று புறப்பட்டார்.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல் என்பார்கள். எழுபத்துநாலில் கசப்பு அடங்கியது. எழுபத்தைந்தில் டொஃபி எட்டிப்பார்த்தது. ஒவ்வொரு நவம்பரும் ஒரு போத்தல் வேலி தாண்டி வந்து எலுமிச்சை வேருக்குப் போனது. மரம் கொழுத்தது. அந்தக் காயில் சந்திரவதனா ஊறுகாய் போட்டு ஆர்ச்சிக்குப் போத்தல் போத்தலாகக் கொடுத்தாள். உறைப்பும் புளிப்பும்தானே அவர் நாக்குக்குத் தெரிகிறவை, மனுசன் பாணுக்குப் பூசித் தின்றார். வருசம் முழுக்கப் பொய்யை மறந்திருக்கிற விக்னராஜா, அந்த ஊறுகாயைக் கண்டால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார்.

தப்ப ஒரு வழி எழுபத்தாறில் வந்தது. பேர்த்தில் இருந்த ஆர்ச்சியின் மகள் ஜூடி, கட்டப்போகிற பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆர்ச்சி ஓடிவந்து வேலியைப் பிடித்துக்கொண்டார்.

“விக்கி, பிள்ளை வந்திருக்கு. இப்பவே எல்லாத்தையும் திறக்கட்டா? நாலு வருசமாச்சு. எனக்கென்னவோ இப்பதான் சரியான நேரமெண்டு படுது. நீ என்ன சொல்லுறாய்?”

‘ஓம்’ என்றால் பொய் அன்றோடு முடியும். ஆனால் திறந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் கிளாஸைக் கையில் தருவார்கள், எல்லோருக்கும் முன்னால் குடிக்கவேண்டி வரும்.

“இன்னும் கொஞ்சம் பொறுக்கவேணும், மிஸ்டர் ஆர்ச்சி. பேரீச்சம்பழம் இப்பதான் துவங்குது. ஒரு வருசம், ரெண்டு வருசம்.”

ஆர்ச்சியின் முகம் விழுந்தது. “நீ சொன்னாச் சரி” என்று திரும்பிப் போனார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது விக்னராஜாவுக்கு முதல்முறையாகத் தன்மேல் அருவருப்பு வந்தது. வந்து என்ன பிரயோசனம்? தேத்தண்ணி குடிக்க உள்ளே போய்விட்டார்.

கலியாணம் எழுபத்தெட்டாம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஆர்ச்சி வீட்டுப் பின்வளவில். மரத்துக்கு மரம் கடதாசிப் பூ, நீட்டு மேசை, பெரிய இரும்புத் தட்டில் சொசேஜ் பொரிகிற புகை. சந்திரவதனா கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு தாச்சி நிறைய உருளைக்கிழங்குப் பற்றிஸ் பொரித்துக் கொண்டுபோனாள். விக்னராஜா கொழும்புக் கோட்டைப் போட்டிருந்தார். முந்தின நவம்பரில், இனியும் இழுக்க வழியில்லாமல், ‘இப்ப சரி, ஷெரி வாசம் வந்திட்டுது’ என்று அவரே கொடுத்திருந்த தீர்ப்பு நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது. நல்லாய் இருந்துவிட்டால் தப்பினேன் என்று முருகனைக் கும்பிட்டார். இப்படியான காரியத்துக்கெல்லாம் முருகன் என்னத்துக்கு வரப்போகிறார்!

ஆர்ச்சி கதிரையில் ஏறி நின்றார். பக்கத்தில் ஒருவர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“இது டொட் தன்ர கையால காய்ச்சினது. ஆறு வருசம் கிடந்தது. எப்ப திறக்கவேணுமெண்டு சொன்னது, இந்தா நிக்கிறாரே, கொழும்பிலேயே பேர்போன டேஸ்டர், என்ர பக்கத்து வீட்டு விக்கி. அவர் சொன்னதை வாசிக்கிறன், கேளுங்கோ.”

அந்தக் கொப்பியை விரித்து ஒவ்வொரு வருசமாக வாசித்தார். கசப்பு அடங்கியது, டொஃபி, பேரீச்சம்பழம், ஷெரி. சனம் கைதட்டியது. எல்லோரும் திரும்பி விக்னராஜாவைப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போனால் நல்லது போலிருந்தது. மூடிகள் ஒவ்வொன்றாகத் திறபட்டன. கறுத்தப் பியர் சின்னக் கிளாஸ்களில் கைமாறியது. “டொட்டுக்கு!” என்றார் ஆர்ச்சி. “டொட்டுக்கு!” என்றது சனம்.

விக்னராஜா கிளாஸை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். இந்த முறை மூச்சைப் பிடிக்க வழியில்லை. மணம் ஏறியது. துறைமுகத்தில் ஒருதரம் மழையில் நனைந்து ஊறிய தேயிலைப் பெட்டியைத் திறந்தபோது வந்த அதே மணம். நனைந்த கார்ட்போர்ட். அவருக்குத் தெரிந்துவிட்டது, ஒரு நொடியில். பதினாலு வருசத் தொழில் எங்கே போகும்?

சனத்தைப் பார்த்தார். எல்லோரும் ஒரு வாய் வைத்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா தன் கிளாஸை மெல்லப் பூச்சாடிக்குப் பின்னால் வைத்தாள். தாடிக்காரர் ஒருவர் புல்லில் கவிழ்த்தார். ஆர்ச்சி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவருக்கு இனிப்பும் கசப்பும் தெரிந்தன, அது போதுமாக இருந்தது. ஜூடி தகப்பனைப் பார்த்தாள். வெள்ளை உடுப்போடு நின்று ஒரே மூச்சில் முழுவதையும் குடித்துவிட்டு, “நல்லாயிருக்கு அப்பா” என்றாள். அவள் கண் கலங்கியதை ஆர்ச்சி சந்தோசம் என்று எடுத்துக்கொண்டார்.

“விக்கி! நீ என்ன சொல்லுறாய்?”

சனம் முழுக்கத் திரும்பியது. ஜூடியும் திரும்பினாள். உதட்டில்கூடப் படாத கிளாஸைக் கீழே இறக்கி விக்னராஜா சொன்னார்:

“பேரீச்சம்பழம்.”

நாக்கூசாமல் சொன்னார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கூசியது. பல்லிடுக்கெல்லாம் கூசியது.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சந்திரவதனா குசினியில் தாச்சியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “என்னப்பா அது, நனைஞ்ச பேப்பர் மாதிரி மணந்தது? பக்கத்தில நிண்ட எனக்கே குமட்டினது. நீங்கள் பேரீச்சம்பழம் எண்டுறியள்?”

விக்னராஜா கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். லோன்றி, எலுமிச்சை மரம், பிடித்த மூச்சு, எழுபத்தாறில் சொன்ன ‘பொறுக்கவேணும்’. முடிந்ததும் சந்திரவதனா கேட்டாள்:

“ஏன் குடிக்கேல்லை?”

“உமக்குப் பண்ணின சத்தியம்...”

“ஐயோ கடவுளே!” அவள் தலையில் கை வைத்தாள். “நான் தொண்டையைத்தானே கேட்டனான்? நாக்கை எப்ப கேட்டனான்? பதினாலு வருசம் துப்பித்தானே எனக்குச் சோறு போட்டனீங்கள். துப்பியிருக்கலாமே!”

விக்னராஜா குசினி ஜன்னலால் எலுமிச்சை மரத்தைப் பார்த்தார்.

“வருசா வருசம் போத்தலோட லோன்றிக்குப் போறதை நான் குசினி ஜன்னலால பாத்துக்கொண்டுதான் நிண்டனான். துப்புறார், தொழிலை மறக்கேல்லை, அந்தாளுக்கு உதவியா இருக்கிறார் எண்டு பெருமைப்பட்டனான். என்ர தங்கச்சி கலாவுக்குக் கடிதத்திலயும் எழுதினனான். இஞ்ச வந்து பெட்டி இறக்கினாலும் என்ர மனுசன் டேஸ்டர்தான் எண்டு எழுதினனான்.”

தங்கச்சிக்கு எழுதிய கடிதத்தைச் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. காலையில் அலுமாரியைத் திறந்து வேட்டிக்குக் கீழே கிடந்த கரண்டியை எடுத்தார். லோன்றி வாளியை எடுத்தார். வேலியடியில் நிற்காமல் றோட்டால் சுற்றிப்போய் முன்கதவைத் தட்டினார். ஆர்ச்சி நேற்றைய சந்தோசம் மாறாமல் திறந்தார். நிலவறையில் இன்னும் கொஞ்சப் போத்தல் மிச்சம் இருந்தது. இறங்கிப் போய், கொப்பியையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் செங்கல் படியில் இருந்தார்கள்.

“மிஸ்டர் ஆர்ச்சி, நான் பொய்யன்” என்று தொடங்கினார். முடிக்கும்வரை ஆர்ச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு போத்தலைத் திறந்து, கிளாஸில் ஊற்றி, கரண்டியால் அள்ளிச் சர்ரென்று உறிஞ்சினார். உருட்டினார். வாளியில் துப்பினார். ஆறு வருசத்துக்குப் பிறகு அந்த நாக்கு செய்த முதல் வேலை.

“நனைஞ்ச கார்ட்போர்ட்.”

“நேத்து எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு” என்றார் ஆர்ச்சி. “ஜூடிக்கும் தெரியும்.”

“ஓம்.”

“அப்ப எந்த வருசம் அது நல்லா இருந்தது?”

“தெரியாது, மிஸ்டர் ஆர்ச்சி. ஒருத்தரும் குடிச்சுப் பாக்கேல்லை.”

கிழவர் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று விக்னராஜா காத்திருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். ஆர்ச்சி அடிக்கவில்லை. தாழ்ந்த குரலில், “திரும்பப் பார். அந்த மணத்துக்குக் கீழ வேற ஏதும் இருக்கா? வடிவாப் பார்” என்றார்.

விக்னராஜா கண்ணை மூடினார். உறிஞ்சினார், துப்பினார். இன்னொருதரம். மூன்றாம் தரம் வாய்க்குள்ளேயே கனநேரம் வைத்திருந்தார். கார்ட்போர்ட்டுக்குப் பின்னால் சோயா சோஸ் மாதிரி ஒன்று. அதற்கும் பின்னால், வெகுதூரத்தில், அடித்தொண்டைக்குக் கிட்ட, மெல்லிய கசப்போடு ஒரு வாசம்.

“தோடம்பழத் தோல்” என்றார். “காயவைச்ச ஒரேஞ்சுப் பழத் தோல் மாதிரி.”

ஆர்ச்சி கொப்பியைப் படியில் வைத்தார்.

“காய்ச்சின அண்டைக்கு அவள் கொப்பரைக்குள்ள தோடம்பழத் தோலைப் போட்டாள். எங்கட மரத்துப் பழம். நான் சண்டை பிடிச்சனான். இந்தக் கறுப்புக்குள்ள அது எங்க தெரியப்போகுது, வீண்வேலை எண்டு சொன்னனான். வருசம் போகப் போக அதுதான் மேல வரும், அப்ப தெரியுதெண்டு நீயே எனக்குச் சொல்லுவாய் எண்டு சொன்னாள். அவள் சாகுமட்டும் நாங்கள் அதில வழக்குத்தான்.” மூச்சு வாங்கினார். “உனக்கு வேணுமெண்டுதான் சொல்லேல்லை, விக்கி. சொல்லாமல் நீயா கண்டுபிடிச்சாத்தானே அவளுக்கு வெற்றி? வருசா வருசம் கேட்டனான், வேற ஒண்டும் இல்லையா எண்டு. நீ இல்லையெண்டாய். நான் நேர கல்லறைக்குப் போய் நக்கலடிப்பன், ‘பாத்தியா டொட், நான் சொன்னன் எல்லே, ஒண்டும் தெரியேல்லை’ எண்டு. அஞ்சு வருசம். செத்தவளோட வழக்காடி வெண்டுகொண்டிருந்தன்.”

விக்னராஜாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வாளியைப் பார்த்தார். பியரைக் கெடுத்ததைவிட, ஒரு கலியாணத்தைக் கெடுத்ததைவிடப் பெரிய ஒன்றைக் கெடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் விளங்கியது. என்னத்தைச் சொல்லி எதை மன்னிக்கக் கேட்பது?

ஆர்ச்சி எழும்பினார். ஆணியிலிருந்த தொப்பியை எடுத்தார்.

“வா” என்றார்.

“எங்க?”

“இனி அவளிட்ட நான் என்னத்தைச் சொல்ல? நீதான் டேஸ்டர். நீயே வந்து சொல்லு.”

ஸ்பிரிங்வேல் மயானம் காரில் ஐந்து நிமிசம். ரோசாப் பாத்திக்குப் பக்கத்தில் டொட்டின் கல் இருந்தது. ஆர்ச்சி தொப்பியைக் கழற்றி, “டொட், இந்தாளுக்கு உன்னட்டச் சொல்ல ஒரு கதை இருக்கு” என்றுவிட்டு, தள்ளியிருந்த மர வாங்கில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

விக்னராஜா கல்லுக்கு முன்னால் நின்றார். கரண்டி இன்னும் கையிலேயே இருந்தது. காரில் இங்கிலீசில் அடுக்கிக்கொண்டு வந்த வசனம் ஒன்றும் மிஞ்சவில்லை. செருப்பைக் கழற்றினார். தமிழில்தான் வந்தது.

“அக்கா, தோல் தெரியுது. முதலாம் வருசமே தெரிஞ்சிருக்கும். நான்தான் பாக்கேல்லை.”